கைக்கடக்கமாய் ஒரு டார்ச்

“கனமே இருக்கக்கூடாது. எந்நேரமும் இவ இடுப்புல செருகியிருக்கணும்” என்றான் சகாயராஜ்.

திண்டுக்கல் எலெக்ட்ரிக் கடையில் பர்ஹானா நாலைந்து டார்ச்சுகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றையும் மனைவி இசைவாணியின் உள்ளங்கையில் வைத்து, “கை வலிக்குமா?” என்று கேட்டான் அவன்.

“போன்லயே லைட் இருக்கேண்ணே?” என்றாள் பர்ஹானா.

“அது சரிப்படாதும்மா. எங்க ஊரு எரியோட்டுல கரண்டு போனா அம்புட்டும் இருட்டு. நான் வெளியூர்ல வேல பாக்குறேன். இவ ஒத்தையில கெடப்பா.”

தன் வீட்டுக்காரர் ஞாபகம் வந்து பர்ஹானா பெருமூச்சு விட்டாள்.

“கொடுத்து வச்சவங்கக்கா நீங்க.”

இசைவாணி கையிலிருந்த டார்ச்சைத் திருப்பி வைத்தாள்.

விரல் நீள டார்ச் ஒன்று அவனுக்குப் பிடித்துப்போனது. “இரு, டெஸ்ட் பண்ணிருவோம்” என்று தெருவுக்குப் போனான். உடனே இசைவாணியின் போன் அடித்தது. வீடியோ கால்.

“டார்ச்ச மூஞ்சில அடி. ம்... அப்படியே சுத்திக் காட்டு. பக்கத்துல யாரு, கடக்காரப் பொண்ணா? சரி. இனிமே கரண்டு இல்ல, இருட்டா இருக்குன்னு கட் பண்ண முடியாதுல்ல?”

போனை வைத்த இசைவாணி, வாசலைப் பார்த்துக்கொண்டே பர்ஹானாவிடம் குனிந்தாள்.

“பாக்க இதே மாதிரியே இருந்து, சீக்கிரம் ரிப்பேராகுறது ஏதும் வச்சிருக்கியாம்மா?”