விடு

“விடுன்னா விட மாட்டேங்குது சார். சுட்ட வாத்தைக் கவ்விட்டா, வாங்கப் போற என் கையையே குதறுது. இன்னிக்கு வழிக்கு வரலேன்னா இதையும் சுட்டுத் தள்ளிடுவேன்” என்றார் வேட்டைக்காரர். முன்கை முழுக்கத் தையல்.

நாய்ப் பயிற்சியாளர் வாக்குவாதத்துக்குப் போகவில்லை. கூடத்து மூலையில் செத்த வாத்தின் மேல் காலைப் போட்டு உறுமிக்கொண்டிருந்த இளம் நாயிடம் ஈரல் துண்டை நீட்டினார். அது வாத்தை மறந்து, வாலாட்டிக்கொண்டே வந்து அதைக் கவ்விக்கொண்டது.

“பாத்தீங்களா? பிடுங்கினா யாருக்கும் கோவம் வரும். ஒண்ணைக் குடுத்துத்தான் ஒண்ணை வாங்கணும். இதோடவே அந்த வார்த்தையையும் பழக்கிடலாம்.” குனிந்து, அதன் காதருகே மெதுவாகச் சொன்னார்: “விடு.”

நாயின் முதுகு மயிர் சிலிர்த்தது. ஈரலைப் போட்டது. அவரைத் தாண்டிப் பாய்ந்து, கதவோரம் நின்ற வேட்டைக்காரரின் கையைக் கவ்வியது.

“ஐயோ, விடு! விடு சனியனே!”

அவர் கத்தக் கத்தப் பல் ஆழமாக இறங்கியது. சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது. பயிற்சியாளர் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தும் அது அசையவில்லை.

சமையலறையிலிருந்து ஓடிவந்த வேட்டைக்காரரின் மனைவி, “வாடா கண்ணா” என்றாள். அவ்வளவுதான். நாய் வாயைத் திறந்துவிட்டு அவள் காலடியில் போய்ப் படுத்தது.

பயிற்சியாளருக்கு மூச்சு வாங்கியது. “விடுன்னா கடிக்கணும்னு இதுக்கு யாரும்மா பழக்கினது?”

மணிக்கட்டில் கன்றியிருந்த விரல் தடங்களின் மேல் அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“யாரும் பழக்கலைங்க. தினம் நான் கத்துறதுதான். இவர் காதுல விழல. அது காதுல விழுந்திருக்கு.”