அத்தாவுக்குச் சார்ஜ்

அத்தாவின் நெஞ்சுக்குள் இருந்த கருவிக்கு வெளியிலிருந்துதான் சார்ஜ் ஏற்ற வேண்டும். தினமும் மதியம் சுபுஹான் அந்த வட்டத் தகட்டை அவர் சட்டைமேல் பிடிப்பான். பச்சை விளக்கு எரியும். ஒரு விரல் உயரம் தூக்கினாலே அணைந்துவிடும்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம், கணவனை இழந்தவள் துக்கம் காக்கும் இத்தாவில் வாசல் தாண்டாமல் இருந்த அம்மா தகட்டை நீட்டினாள்.

"இன்னாம்மா இது?"

"நான் போவ முடியாதுடா. நீ போய் வச்சிட்டு வா. ரொம்ப கம்மியா இருக்கும்."

கடையைப் பாதியில் சாத்திவிட்டு, அத்தாவை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போனான். வைத்தேன் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. ஈர மண்மேல் தகட்டை வைத்தான்.

பச்சை எரிந்தது.

சற்று நேரத்தில் தகடு சூடேறியது. முன்பு இப்படிச் சூடேறும்போதெல்லாம் அத்தா, "சுடுதுடா, கொஞ்சம் நவுத்து" என்பார்.

சுபுஹான் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.