பச்சையாகாத வளையம்

தூத்துக்குடியில் ஒரு காப்பீட்டு அலுவலகம். அங்கே ஞானதுரையைப் போல விழுந்து விழுந்து வேலை பார்க்கிற ஆள் கிடையாது. அதனால்தான் மே மாதம் பிறந்ததும் அவர் கையில் மன இறுக்கத்தை அளந்து அலுவலகத்துக்குச் சொல்லும் ஒரு வளையத்தை மாட்டி, கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இறுக்கம் தணிந்து வளையம் பச்சையானால்தான் வேலைக்குத் திரும்பலாம்.

இருபது நாளாகியும் அது சிவப்பாகவே இருந்தது. தன் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே இளநீர் குடித்தால் எப்படிப் பச்சையாகும்?

கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. எதற்கும் பதறாத மனைவி எஸ்தரின் கையில் அதை மாட்டிவிட்டார். அவள் அடுப்படியில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வளையம் கருஞ்சிவப்பாகி அலறியது. "நிலைமை மோசம். உடனே அடுப்படியை விட்டு வெளியேறவும். பத்து நாள் கடற்கரை ஓய்வு அவசியம்."

எஸ்தர் அரிவாள்மனையை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். "இது யாருக்குச் சொல்லுது?"

"எனக்குத்தான்," என்றார் ஞானதுரை தயங்கியபடி.

"கெடக்கது என் கையிலல்லா," என்றவள், அன்று மாலையே கடலோர மணப்பாட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஞானதுரைக்குச் செய்தி வந்தது. வளையம் பச்சையாகிவிட்டதாம், அதை அணிந்துகொண்டு நாளையே வேலைக்கு வரலாமாம். கருகிய தோசையை அப்படியே வைத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"எஸ்தர், வளையத்த எடுத்துக்கிட்டு சாயங்கால பஸ்ஸுலயே வந்துரு."

அலைச் சத்தத்துக்கு நடுவே நிதானமாகப் பதில் வந்தது. "நீங்க பேசப் பேச இது மறுபடியும் செவக்குதுங்க. பத்து நாள் கழிச்சுப் பேசுங்க."