களியோடைப் பாலம் வரை

நிந்தவூரைத் தாண்டியதும் கச்சான் காற்று நேரே முகத்தில் அறைந்தது.

இரண்டு பக்கமும் வயல். மறைப்புக்கு ஒரு மதில்கூட இல்லை. ஹாஜறாவின் தலைத்துணி பின்னால் படபடத்தது. ஒவ்வோர் அடியும் ஈர மணலில் வைத்தது போலப் பாரமாக இருந்தது.

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தர்சிகா ஒன்றும் கேட்காமல் அவளுக்கு முன்னால் வந்தாள்.

"எனக்குப் பின்னால ஒட்டி ஓடு. காத்த நான் பாக்கன்."

தர்சிகா பாண்டிருப்பு, ஹாஜறா மருதமுனை. இரண்டு ஊர்க் கடற்கரையிலும் விடியப்புறத்தில் சேர்ந்து ஓடிப் பழகியவர்கள். இருவரில் தர்சிகாவுக்குத்தான் வேகம் அதிகம். அது ஹாஜறாவுக்கும் தெரியும், அவர்களைப் பழக்கிய றபீக்கா டீச்சருக்கும் தெரியும்.

கல்முனையிலிருந்து அட்டாளைச்சேனை வரை பெண்களுக்கான நெடுந்தூர ஓட்டம். முதலாவது வருகிறவளுக்குக் கொழும்பில் தேசிய அணியோடு பயிற்சி. மற்றவர்களுக்குக் கைதட்டல்தான்.

ஹாஜறாவின் அண்ணன், இப்றாஹிம் காக்கா, இந்த ஓர் ஓட்டத்துக்குத்தான் சம்மதித்திருந்தார். இதில் தெரிவாகாவிட்டால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டும், மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று சொல்லியிருந்தார்.

தர்சிகா தலையைக் குனிந்துகொண்டு காற்றுக்குள் புகுந்து ஓடினாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஹாஜறாவுக்கு மூச்சு இலகுவாக வந்தது. மற்றப் பெண்கள் எல்லோரும் பின்தங்கிப் போனார்கள்.

இப்படி இழுத்துக்கொண்டு போனால் கடைசியில் இவளுக்குக் கால் ஓய்ந்துவிடும் என்று ஹாஜறா நினைத்தாள். நினைப்பில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. உடனேயே வெட்கமாகவும் இருந்தது.

களியோடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேன் நின்றது.

பாலத்தைக் கடந்ததும் தர்சிகா ஒதுங்கினாள். ஹாஜறாவின் முதுகில் கையை வைத்து முன்னுக்குத் தள்ளினாள். பிறகு வீதியைக் குறுக்கறுத்துப் போய் வேனில் ஏறினாள். வேன் வடக்கே, அவர்கள் ஓடிவந்த வழியே போய்விட்டது.

காலில் ஏதும் பிடித்திருந்தால் நொண்டியிருப்பாள். அவள் நொண்டவில்லை.

ஹாஜறாவுக்கு ஆத்திரம் வந்தது. யார் இவளிடம் பிச்சை கேட்டது? பாவம் பார்த்து விட்டுக்கொடுத்த இடத்தில் போய் நிற்கவா இவ்வளவு நாளும் ஓடியது?

அந்த ஆத்திரத்தில் தேவைக்கு மேல் வேகமாக ஓடினாள். ஒலுவிலில் வீடுகளும் தென்னைகளும் காற்றைத் தடுத்தன. ஆனாலும் நெஞ்சு எரிந்தது. பாலமுனையில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

மொனறாகலையிலிருந்து வந்திருந்த நதீஷா. கடந்து போகும்போது, தான் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தலை ஹாஜறாவின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அட்டாளைச்சேனையில் ஹாஜறா இரண்டாவதாக வந்து சேர்ந்தாள்.

றபீக்கா டீச்சர் துவாயால் அவளைப் போர்த்தினார். தர்சிகா ஏன் அப்படிச் செய்தாள் என்றுதான் ஹாஜறா முதலில் கேட்டாள்.

டீச்சர் துவாயின் நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அவ எயார்போட்டுக்குப் போறா, மக. இண்டைக்கு இரவைக்கு பிளைட். உன்னட்டச் சொல்லப்படாண்டு என்னட்ட சத்தியம் வாங்கினவ."

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன தர்சிகாவின் தாய் முதுகெலும்பு விலகித் திரும்பி வந்திருந்தார். ஒப்பந்தக் காலம் முடியவில்லை. மிச்சத்தை மகள் வந்து முடித்துக் கொடுக்க வேண்டுமாம். அதே வீடு, அதே வேலை.

வேன், அதே பிளைட்டில் வேலைக்குப் போகும் அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கல்முனைக்கு வருவதாக இருந்தது. தர்சிகாதான் அதைப் பாலத்தடியில் நிறுத்தச் சொன்னாளாம். நிந்தவூர் வயல்வெளியில்தான் காற்று மோசம், அதைத் தாண்டும் வரைக்காவது கூட ஓடிவிட்டுப் போகிறேன் என்றாளாம்.

ஹாஜறா புல்லில் அப்படியே இருந்துவிட்டாள்.

டீச்சரின் போன் அடித்தது. அவர் திரையில் வந்த பெயரைப் பார்த்துவிட்டு, எடுக்காமல், அதை ஹாஜறாவிடம் நீட்டினார்.

வேன் இரைச்சலுக்குள் தர்சிகாவின் குரல் வந்து வந்து போனது. முதலாவது யார் என்று அவள் கேட்கவில்லை.

"ரெண்டாவது ஆரு வந்த?"

ஹாஜறா மேடையைப் பார்த்தாள். முதலாமிடத்தில் நின்ற பெண்ணின் கழுத்தில் பதக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மொனறாகலைப் புள்ள," என்றாள். "நதீஷா."