அம்மாவின் போன் வந்தால் போதும்

"வேணும்னேதான் பண்றார். சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன்!" என்றாள் மருமகள்.

"அப்பாவுக்கு வயசாச்சு. காது மந்தமா இருக்கும்" என்றான் கணவன், சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே.

"யாருக்கு, மாமாவுக்கா? நான் சமையல்கட்டுல பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சா, ஹால்ல இருந்து 'டீ போடறியாம்மா'ன்னு கேட்கிறார். அந்தக் காதா மந்தம்?"

கணவன் காலரை இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்தான். மனைவி குரலை உயர்த்தினால் அவனுக்கு இஸ்திரியில் அக்கறை கூடும்.

விஷயம் இதுதான். மாமனாரின் போனில் துப்பறியும் கதைகளை வாசித்துக் காட்டும் ஆப் ஒன்று இருக்கிறது. எந்நேரமும் கேட்பார். ஆனால் பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் நமக்குக் கேட்கும், அவ்வளவு அடக்கமாக வைத்திருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுடைய அம்மாவின் போன் வந்ததோ இல்லையோ, சத்தம் எகிறிவிடும்.

"சாப்பிட்டியாடி?" என்பாள் அம்மா.

"அசையாதே! கையைத் தூக்கு!" என்று ஹாலிலிருந்து உறுமுவார் இன்ஸ்பெக்டர்.

"ஐயோ, என்னடி அங்க?"

"ஒண்ணுமில்லம்மா, மாமா கதை கேட்கிறார்."

இரண்டே அறை உள்ள வீடு. கதவைச் சாத்தினாலும் துப்பாக்கிச் சத்தம் துரத்திக்கொண்டு வரும். அவளும் சளைத்தவளா? இன்ஸ்பெக்டருக்கு மேல் குரலை ஏற்றி, மாமனாரைப் பற்றி அம்மாவிடம் கொட்டித் தீர்ப்பாள்.

"நான் எங்கம்மாகிட்ட நாலு வார்த்தை பேசறது அவருக்குப் பொறுக்கல. ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வர்றாரில்ல? மாமாவை அவர்கூட அனுப்பி வெச்சிடுங்க. ஒரேயடியா!"

கணவனுக்கு இஸ்திரிப் பெட்டி கையைச் சுட்டது. "சரி... அண்ணன்கிட்ட பேசறேன்" என்று முனகினான்.

ஞாயிறுவரைகூட அவளுக்குப் பொறுமை இல்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி வழி சொன்னாள்.

"ஆப்புக்குள்ளயே அதிகபட்ச சத்தம்னு ஒரு இடம் இருக்கும். அதைக் குறைச்சு வெச்சிடு. அப்புறம் போன் பொத்தானை விரல் தேய அமுக்கினாலும் ஏறாது."

மறுநாள் காலை மாமனார் குளிக்கப் போன நேரத்தில் காரியம் முடிந்தது. நூறில் இருந்த சத்தத்தை இருபதுக்கு இழுத்துவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணி. வெளியே நல்ல மழை. சொல்லி வைத்தாற்போல் அம்மா கூப்பிட்டாள்.

ஹாலில் மாமனார் பொத்தானை அமுக்கினார். போனைக் குலுக்கினார். வேட்டி நுனியால் துடைத்தார். இன்ஸ்பெக்டர் திருடனிடம் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

"பழைய போன் இல்லையா மாமா, அப்படித்தான் இருக்கும்" என்றாள், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

மாமனார் ஒரு நிமிஷம் தவித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"கோபத்தைப் பார்த்தியாம்மா! சத்தம் வைக்க முடியலைன்னதும் வெளிநடப்பு!"

அரை மணி நேரம். ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை. மாமனார் ஈரத் துண்டை நாற்காலியில் போடுவதில் ஆரம்பித்து, டீயில் சர்க்கரை பற்றவில்லை என்பதுவரை ஒன்றையும் விடவில்லை அவள்.

போனை வைத்த பிறகுதான் பார்த்தாள். குடை ஆணியிலேயே தொங்கியது. மழை இன்னும் விட்டபாடில்லை.

குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையில், பூட்டிக் கிடந்த சைக்கிள் கடையின் தகரக் கூரைக்கடியில் மாமனார் தொப்பலாக நனைந்து நின்றிருந்தார். முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை.

"பேசி முடிச்சிட்டியாம்மா?"

"முடிச்சிட்டேன். நீங்க ஏன் மாமா இந்த மழையில..."

"நல்லா மனசு விட்டுப் பேசினியா?"

"அதை ஏன் கேட்கிறீங்க?"

மாமனார் அசடு வழிந்தார். குடைக்குள் வந்து தலையைத் துவட்டியபடியே மெல்லச் சொன்னார்.

"நீ வந்த புதுசுல ஒருநாள், அம்மாகிட்ட என்னைப் பத்தி நீ சொன்னது காதுல விழுந்துடுச்சு. அன்னைக்குப் பூரா உன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாப் போச்சு. பாவம், ஆபீஸ் வீடுன்னு ஓடறே. அம்மாகிட்ட கொட்டாம வேற யார்கிட்ட கொட்டுவே? அதான், உங்கம்மா போன் வந்தா நான் சத்தத்தை ஏத்திடுவேன். இன்னைக்கு அது மக்கர் பண்ணிடுச்சு. உள்ளே இருந்தா எல்லாம் கேட்குமேன்னு வெளியே வந்துட்டேன்."

அவளுக்குக் கண் நிறைந்தது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக அவள் திட்டியதில் முக்கால்வாசி அந்தச் சத்தத்தைப் பற்றித்தானே!

"ஒரு பொண்ணு மாமனாரை மனசாரத் திட்ட முடியலைன்னா, அது என்னம்மா வீடு?" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து அவள் கையில் போன் அடித்தது. மறுபடியும் அம்மா.

"ஏண்டி, ஞாயித்துக்கிழமை உன் மாமனார் கிளம்பறது நிச்சயம்தானே?"

"அவர் எங்கயும் போகலம்மா. நான் விடவும் மாட்டேன்!" என்றவள் திரும்பிப் பார்த்தாள்.

குடைக்குள் ஆளைக் காணோம். மாமனார் இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் இருபதடி முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

"மாமா, நில்லுங்க! உங்களைப் பாராட்டித்தான் பேசறேன்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள் மருமகள்.

அவருக்குக் கேட்டால்தானே!