பாட்டு ஓடுகிறது

அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பாட்டு எதுவும் ஓடவில்லை.

காதில் ஹெட்போன். கம்பெனி கொடுத்தது. காதை முழுசாக மூடுகிற பெரிய ரகம். 'வெளிச்சத்தம் குறைந்தால் கவனம் கூடும்' என்று மின்னஞ்சல் வந்த மறுநாள், எட்டு மேசைக்கும் எட்டு டப்பா வந்து இறங்கியது.

மூன்றாம் நாளே அவனுடையதில் சார்ஜ் தீர்ந்தது. எழுந்துபோய் வயரைத் தேடச் சோம்பல். கழற்றி வைக்கவும் சோம்பல்.

அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹெட்போன் மாட்டியவனின் முதுகுக்குப் பின்னால் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் பேசுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவன் சார்ஜ் போடவே இல்லை. வலது காதில் ஒரு விரற்கடை தள்ளி மாட்டினால் இன்னும் தெளிவாக இருந்தது.

இதற்கென்று சில ஒழுக்கங்கள் உண்டு.

பின்னால் யாராவது ஜோக் சொன்னால் சிரிக்கக்கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூடாது. தோளைத் தொட்டால் திரும்பலாம். திரும்பி, ஒரு காதை மட்டும் திறந்து, "ஆங்?" என்று தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்க வேண்டும்.

எல்லாம் கைவந்துவிட்டது. வேலைதான் கைநழுவியது.

அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களில் நோய்க்கு எண் போடுகிற வேலை. பின்னால் ஓடும் பேச்சையும் கேட்டு, முன்னால் இருக்கும் நோயையும் பார்க்க முடியவில்லை. போன வாரம் எழுபது வயதுக் கிழவர் ஒருவருக்குப் பிரசவம் என்று எண் போட்டு அனுப்பிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை அது காதில் விழுந்தது. எட்டுப் பேரில் ஒருவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். வெள்ளிக்குள்.

ஞாயிறு அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். "வேலை நிரந்தரந்தானுங்களே?"

அவனுடைய அப்பா முந்திக்கொண்டு, "அதெல்லாம் நிரந்தரமுங்க" என்றிருந்தார்.

புதன் முழுக்க வேலையே செய்யாமல் கேட்டான். கேட்கக் கேட்க வேறொரு சந்தேகம் வந்தது.

பக்கத்து மேசை ஷீபா. அவளும் தலையாட்டுகிறாள். முக்கால் மணி நேரமாக ஒரே தாளம். எந்தப் பாட்டு முக்கால் மணி நேரம் ஓடும்?

எதிர் மேசைத் தங்கராசு காலால் தாளம் போடுகிறார். மேனேஜர் அறைக் கதவு திறந்தால் மட்டும் தாளம் மெதுவாகிவிடுகிறது.

ஷீபா ஒருமுறை அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பாட்டுக் கேட்பவர்கள் போல இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

இன்று வியாழன். மாலை நாலு மணி.

மேனேஜர் குணாளன் அறையை விட்டு வந்தார். கூடவே எச்.ஆர். மேடம். அவன் நாற்காலிக்குப் பின்னால், தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றார்கள்.

"முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

குணாளன் பெயரைச் சொன்னார்.

அவனுடைய பெயர்.

"ஏனுங் சார்?"

"ஹெட்போன் வாங்கிக் குடுத்தும் கவனமே இல்லீங்க மேடம். அந்தக் கெழவருக்குப் பிரசவம் பாத்தது இவன்தான்."

தலை நின்றுவிடப் பார்த்தது. அவன் விடவில்லை. ஆட்டினான்.

மற்ற ஏழு தலைகளும் நின்றன. தங்கராசுவின் காலும்.

ஏழு பேருக்கும் ஒரே நொடியில் பாட்டு முடிந்துவிட்டது.

தண்ணீர் கேனில் ஒரு குமிழி மேலேறியது. அதுகூடக் கேட்டது.

"மேடம்," என்றார் குணாளன். "இத்தன நாளா இதுங்க எல்லாம் கேட்டுட்டே இருந்திருக்குதுங்க."

"இவரு ஒருத்தரு மட்டுந்தான் கேக்கல சார், தல ஆடிட்டே இருக்குது."

காலடி நெருங்கியது. கழுத்தில் காபி வாசம் அடிக்கும் மூச்சு. குணாளன் அவன் பெயரை இன்னொரு முறை சொன்னார். கூப்பிடுவது போல அல்ல. பாலில் விரலை விட்டுச் சூடு பார்ப்பது போல.

அவன் மேசையில் விரலாலும் தாளம் போட்டான்.

"நம்பிக்கையான ஆளுங்க மேடம். இவனை விட்டுருவோம்."

"அப்ப வேற யாருங் சார்?"

இந்த முறை குணாளன் பெயர் சொல்லவில்லை. வெகுநேரம் தொடாததால் அவனுடைய கணினித் திரை கறுத்துப்போயிருந்தது. அந்தக் கறுப்பில் ஒரு விரல் நீண்டு, பக்கத்து மேசையைக் காட்டுவது தெரிந்தது.

ஷீபாவும் கறுத்துப்போன தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஹெட்போனைக் கழற்றினாள். மேசைமேல் வைத்தாள். நாற்காலியை அவன் பக்கம் உருட்டினாள்.

"அப்பிடி என்ன பாட்டுங்க அது?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "குடுங்க, நானும் ஒருக்கா கேக்கறேன்."

குணாளன் நகரவில்லை.

அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அவள் கேட்டது அவன் காதில் விழுந்ததாகிவிடும்.

அவள் விரல்கள் அவன் இடது காதோரம் வந்து, ஹெட்போனின் விளிம்பைப் பிடித்தன.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வாய்விட்டுப் பாட ஆரம்பித்தான்.