பெயர் எழுத மாட்டோம்

பெண்கள் நலக் கணக்கெடுப்புக்கு வந்த ஜிஷா, கதவைச் சாத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வீட்டுக்காரரு அடிப்பாரா?"

"இல்ல" என்றாள் லீமா. அவள் கன்னம் வீங்கியிருந்தது.

"இதுல பேரு எழுத மாட்டோம். உள்ளதைச் சொல்லலாம்."

"இது பல்லு வலி. அவரு தங்கமான மனுஷன்."

ஜிஷா பேனாவை மூடினாள். "மைனி, எங்க அண்ணனைப் பத்தி எனக்குத் தெரியாதா? எங்கிட்டயுமா மறைக்கணும்?"

"உங்கிட்டதான் மக்கா மறைக்கணும். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்கு. நான் இங்க அடி வாங்குறது தெரிஞ்சா, எங்க அண்ணன் அங்க உன்னையப் போட்டு அடிப்பான். இப்பம் உன்னைய நல்லாத்தான வச்சிருக்கான்?"

முதுகில் கன்றியிருந்த தடம் தெரியாதபடி ஜிஷா சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அவரு தங்கமான மனுஷன், மைனி."